மஞ்சள் பூ முட்புதருக்குப் பூச்சி தேடுமுன் அதன் காயைப் பிளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை மலையகத்தின் ஹோட்டன் சமவெளித் தேசிய பூங்காவில் பரவி, மஞ்சளாகப் பூத்து நிற்கும் கோர்ஸ் என்ற அந்நிய முட்புதரை ஒழிப்பது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு யோசனைகள் கூடவே வந்துவிடுகின்றன. "நியூசிலாந்தில் பூச்சி விட்டார்களாமே, இங்கேயும் கொண்டுவந்து விட்டால் என்ன?" என்பது ஒன்று. "கொப்பில் காளான் பிடித்துவிட்டது, இனி அதுவாகவே பட்டுப்போகும்" என்பது மற்றது. முதலாவதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவதில் அந்தப் பாதியும் இல்லை. இந்தச் செடியில் எந்தப் பூச்சி எந்தப் பாகத்தைத் தின்கிறது, எந்தப் பங்கசு (பூஞ்சை) உயிருள்ள கொப்பில் வருகிறது, எது செத்த கொப்பில் வருகிறது என்று தெரியாமல் பேசினால் இரண்டும் வெறும் ஆசைதான். அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்தருள வேண்டும்.

முதலில் செடி எது என்று தெரிய வேண்டும். கோர்ஸின் தாவரவியல் பெயர் யூலெக்ஸ் யூரோப்பியஸ். மேற்கு ஐரோப்பாதான் அதன் சொந்த மண். போஞ்சி, பட்டாணி, முள்முருங்கை எல்லாம் சேர்ந்த அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வளர்ந்த செடியில் இலை என்று சொல்ல ஒன்றும் இராது. இலையும் கிளை நுனியும் பச்சை முள்ளாகவே மாறியிருக்கும். முளைத்த புதிதில் மட்டும் மூன்று மூன்றாகச் சிற்றிலைகள் தெரியும். பூ அவரைப் பூ வடிவத்தில் இருக்கும். வெயில் நேரத்தில் தேங்காய் வாசனை அடிக்கும். நம் மலைகளில் பெர்பெரிஸ் என்றொரு சொந்த மண்ணின் முட்செடியும் உண்டு, அதற்கும் மஞ்சள் பூதான். ஆனால் அதன் இலை தட்டையானது, முள் மூன்றாகப் பிரியும், காய்ப்பது நெற்று அல்ல, கருநீலப் பழம். தண்டைக் கீறினால் உள்ளே மஞ்சளாக இருக்கும். ஹைப்பெரிக்கம் புதரும் மஞ்சளாகப் பூக்கும், அதில் முள்ளே கிடையாது. சிரமதானம் என்று கத்தியோடு கிளம்புகிறவர்கள் இந்த மூன்றையும் பிரித்தறியாமல் வெட்டினால், காப்பாற்ற வேண்டியதை வெட்டிவிட்டு வெட்ட வேண்டியதற்கு வெயில் விட்டுக்கொடுத்ததாகத்தான் முடியும்.

இந்தச் செடியின் பலம் அதன் காயில் இருக்கிறது. ஒன்று முதல் இரண்டு சென்ரிமீற்றர் நீளமுள்ள, மயிர் படர்ந்த சிறு காய். முற்றினால் கறுத்து நெற்றாகும். வெயில் ஏற ஏற நெற்றின் இரண்டு ஓடுகளும் உலர்ந்து முறுக்கேறி, ஒரு கட்டத்தில் 'டப்' என்று வெடித்து வித்தைச் சில மீற்றர் தூரம் வீசும். வித்தின் ஓரத்தில் வெளிர்மஞ்சளாக ஒரு சதைத் துணுக்கு ஒட்டியிருக்கும். அதற்காக எறும்பு வித்தை இழுத்துக்கொண்டு போகும். வித்தின் தோல் கடினமானது. மண்ணுக்குள் 30 வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். இன்றைக்கு ஒரு புதரை வேரோடு பிடுங்கினாலும், அதன் காலடி மண்ணில் கிடக்கும் வித்து இப்போது பிறக்கும் பிள்ளை வேலைக்குப் போகும் காலத்திலும் முளைக்கும்.

ஆகவே பூச்சி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது வித்தைத் தின்னும் கூன்வண்டு. எக்சாப்பியோன் யூலிசிஸ் என்பது அதன் பெயர். சாம்பல் நிறம், இரண்டு அல்லது மூன்று மில்லிமீற்றர் நீளம், அதில் கணிசமான பங்கு மூக்குத்தான். நியூசிலாந்தில் இதை 1931இல் விட்டார்கள், அவுஸ்திரேலியாவில் 1939இல். பெண் வண்டு பிஞ்சுக் காயின் தோலை மூக்கால் குடைந்து உள்ளே முட்டை வைக்கும். காலில்லாத வெள்ளைப் புழுக்கள் பொரித்து வித்தைத் தின்று, அந்தக் காய்க்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, வண்டாகிக் காத்திருக்கும். கதவைத் திறந்துவிடுவது செடியே: நெற்று வெடிக்கும்போது வித்தோடு வண்டும் வெளியே வந்து விழும். வெடிக்காத நெற்றுக்குள் அகப்பட்ட வண்டு அங்கேயே சாகும்.

இவ்வளவு பொருத்தமான பூச்சி இருந்தும் நியூசிலாந்தில் கோர்ஸ் ஏன் ஒழியவில்லை? வண்டுக்கு வருடத்தில் ஒரே ஒரு தலைமுறை. அது முட்டை வைப்பது வசந்தத்தில். அங்கே பல இடங்களில் கோர்ஸ் வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிர் காலத்தில் ஒருமுறை என்று இரண்டு போகம் பூக்கிறது. வசந்தக் காயில் பெரும்பகுதியை வண்டு காலி செய்தாலும் மற்றப் போகத்துக் காய் முழுசாகத் தப்பிவிடுகிறது. தப்பிய காயே மண்ணை நிரப்பப் போதும்.

இங்கேதான் நம் மலைக்கான கேள்வி பிறக்கிறது. சமவெளி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீற்றர் உயரத்தில் இருந்தாலும் நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். பகல் நீளம் வருடம் முழுக்கப் பெரிதாக மாறுவதில்லை. ஐரோப்பிய வசந்தம் என்று ஒன்று நமக்குக் கிடையாது. பூவும் பிஞ்சும் நெற்றும் ஒரே கொப்பில் ஒரே நாளில் இருக்கிறதா, அல்லது மழைக்கும் பனிக்கும் ஏற்ப ஒரு போகமாக வருகிறதா என்பதை மாதாமாதம் எண்ணிப் பதிந்தாலொழிய, வருடத்துக்கு ஒருமுறை முட்டையிடும் வண்டு இங்கே பிழைக்குமா, பிழைத்தாலும் எத்தனை காயைத் தொடும் என்று யாராலும் சொல்ல முடியாது. பூச்சியைக் கொண்டுவரும் செலவில் நூறில் ஒரு பங்கு கூட இந்த எண்ணிக்கைக்கு ஆகாது.

தப்பிய போகத்தைப் பிடிக்கவென்று நியூசிலாந்தில் 1992இல் இன்னொன்றை விட்டார்கள்: சிடியா சக்சிடானா என்ற காய்த்துளை அந்துப்பூச்சி. வருடத்தில் இரண்டு தலைமுறை, இரண்டு போகத்துக்கும் சரியாக வரும் என்பது கணக்கு. இதன் புழு ஒரு காயில் அடங்காது. ஒன்றை முடித்து அடுத்ததற்கு நகரும், நகர்ந்த இடத்தில் வட்டத் துளையும் அரிதூள் போன்ற எச்சமும் இருக்கும். கணக்கு ஓரளவு பலித்தது. ஆனால் சில வருடங்களில் இது கோர்ஸை விட்டு லூப்பின், புரூம், லோட்டஸ் போன்ற வேறு அவரைக் குடும்பச் செடிகளின் காயிலும் இருந்தது தெரியவந்தது. காரணம் தேடியபோது அகப்பட்டது ஒரு சாதாரணத் தவறு: வேறு செடியைத் தொடுமா என்ற சோதனைக்கு உட்பட்டது இங்கிலாந்திலிருந்து எடுத்த கூட்டம், விடப்பட்டதில் போர்த்துக்கலிலிருந்து எடுத்தவையும் கலந்திருந்தன. பெயர் ஒன்றாக இருந்தது, நாக்கு ஒன்றாக இருக்கவில்லை. அத்தோடு, கோர்ஸில் காய் இல்லாத நாட்களில் பறக்கும் அந்துப்பூச்சி பசிக்குக் கிடைத்த காயில் முட்டை வைக்கத்தான் செய்யும்.

வெலிமடை, நுவரெலியாப் பக்கம் போஞ்சி போட்டிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாக வாசிக்க வேண்டும். போஞ்சியும் கோர்ஸும் ஒரே பெரிய குடும்பத்துக்குள் தூரத்து உறவு. அந்த அந்துப்பூச்சி போஞ்சியைத் தின்னும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் இங்கே எந்தக் காய்ப் பூச்சியைக் கொண்டுவர நினைத்தாலும், சோதனைப் பட்டியலில் போஞ்சி, பட்டாணி, கிலுகிலுப்பை வகைகள், தோட்டங்களில் நிழலுக்கும் பசளைக்கும் நிற்கும் முள்முருங்கை, கலியாண்ட்ரா எல்லாம் இடம்பெற வேண்டும். சோதிக்கப்பட்ட கூட்டம்தான் விடப்படும் கூட்டம் என்று ஊர் பெயரோடு எழுத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து, படத்தில் பார்த்து எல்லோரும் அசந்து போவது கோர்ஸ் சிலந்திச் சிற்றுண்ணி. இது பூச்சியே அல்ல. எட்டுக் கால், சிலந்திக்குச் சொந்தம். அரை மில்லிமீற்றர் அளவு. ஆயிரக்கணக்கில் கூடிக் கொப்பையே வெள்ளை வலையால் போர்த்தி, பச்சையத்தை உறிஞ்சி, புதரை வெளிறச் செய்யும். நியூசிலாந்தில் 1989, ஹவாயில் 1995, தஸ்மேனியாவில் 1998 என்று விடப்பட்டது. முதல் இரண்டு மூன்று வருடம் மலைச்சரிவே சாம்பல் பூத்தது போலாகும். பிறகு சிற்றுண்ணி தின்னும் ஸ்தெத்தோரஸ் என்ற கடுகளவு பொறிவண்டும், இரைதேடிச் சிற்றுண்ணிகளும் அந்த வலைக்குள் புகுந்து விருந்து உண்ணும். புதர் திரும்பத் துளிர்க்கும். தென்னாசியத் தேயிலை மலைகளில் செஞ்சிலந்தியைத் தின்று நமக்கு உதவி செய்வதும் இதே ஸ்தெத்தோரஸ் இனத்துப் பொறிவண்டுதான். தேயிலை மலையில் அது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, பக்கத்து மலையில் அது வரக்கூடாது என்று சொல்ல முடியாது.

இன்னொரு சங்கடம் மழை. நியூசிலாந்தில் முதலில் விட்ட இங்கிலாந்துக் கூட்டம் ஈரமான பகுதிகளில் சரியாகப் பெருகவில்லை. பின்னர் ஸ்பெயின், போர்த்துக்கல் பகுதிகளிலிருந்து வேறு கூட்டங்களைக் கொண்டுவர வேண்டியிருந்தது. தென்மேல் பருவக்காற்று மாதக் கணக்கில் அடிக்கும் நம் மலையில் வலை கட்டி வாழும் ஒரு உயிர் எந்த மாதத்தில் பெருகும்?

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். செரிகோதிரிப்ஸ் என்ற இலைப்பேன் முள்ளில் வெள்ளைப் புள்ளிகளை உண்டாக்கும். பெரும்பாலானவற்றுக்குச் சிறகு வளராததால் ஊர ஊரத்தான் பரவும். அகோனொப்தெரிக்ஸ் என்ற குருத்து அந்துப்பூச்சியின் புழு இளம் துளிரை நூலால் கட்டிக்கொண்டு உள்ளிருந்து தின்னும். முற்றிய கொப்பில் கூட்டமாக வலை கட்டி வாழும் வேறொரு புழுவும் உண்டு. எல்லாமே செடியைச் சோரச் செய்கின்றன, எதுவும் கொல்வதில்லை.

நமக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும் உதாரணம் நியூசிலாந்து அல்ல, ஹவாய். மவுனா கேயா மலைச் சரிவு வெப்ப வலயத்தில் உள்ள உயர்ந்த, குளிர்ந்த புல்வெளி. கோர்ஸ் அங்கே ஆயிரக்கணக்கான ஏக்கரில் பரவியது. வித்து வண்டு, குருத்து அந்துப்பூச்சி, இலைப்பேன், சிற்றுண்ணி எல்லாவற்றையும் விட்டார்கள். 2000இல் ஒரு துருநோய்ப் பங்கசையும் சேர்த்தார்கள். புதரின் வேகம் குறைந்ததே தவிர, கோர்ஸ் அங்கே இன்னும் நிற்கிறது. பூச்சி வந்தால் கத்திக்கு வேலை இராது என்று நினைப்பவர்கள் ஹவாயைப் பார்க்க வேண்டும்.

இனி பங்கசு. இதில்தான் குழப்பம் அதிகம். பிரித்தானியாவில் கோர்ஸின் காய்ந்த கொப்பில் மழைக்குப் பிறகு பொன்மஞ்சள் நிறத்தில், மூளை மடிப்பு போல, விரலால் அமுக்கினால் ஜெலி போல நெகிழும் காளான் ஒன்று அடிக்கடி வரும். திரெமெல்லா மெசென்தெரிக்கா என்பது அதன் பெயர். வெயிலில் சுருங்கிச் செம்மஞ்சள் தோலாகிவிடும்; ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டுவைத்தால் மறுபடி ஊதிப் பழைய உருவம் எடுக்கும். பார்க்கிறவர்கள் இது மரத்தைத் தின்கிறது என்றே நினைப்பார்கள். இல்லை. பட்டைக்கு ஒட்டினாற்போல் சாந்து பூசியது போலப் படர்ந்திருக்கும் பெனியோஃபோரா என்ற வேறொரு பங்கசுதான் செத்த மரத்தை உக்கச் செய்கிறது. மஞ்சள் ஜெலி அந்தப் பெனியோஃபோராவின் மேல் ஒட்டுண்ணி. திருடனிடம் திருடுகிற கதை. செடியைக் கொன்றவன் இருவரில் எவனும் இல்லை. கொப்பு நிழலிலோ வயதிலோ முன்பே செத்திருந்தது. கோர்ஸ் புதர் வெளியே பச்சையாக இருந்தாலும் உள்ளே காய்ந்த கொப்பாகத்தான் நிறைந்திருக்கும். அதன் இயல்பு அது. எரிந்த கோர்ஸ் கொப்பில் கரிக்கட்டை போல உருண்டையாக வரும் டல்டீனியா காளானும் இப்படியே: தீ கொன்றதைத் தின்ன வந்தது.

தேயிலை மலையில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. கவ்வாத்து வெட்டிய காயம் வெயிலில் வெடித்த பிறகுதான் தண்டு உக்கல் நோய் ஏறும். காயத்துக்குப் பங்கசு காரணமில்லை. சொட்ஹோல் போரர் என்று தோட்டங்களில் சொல்லும் வண்டும் தண்டைத் துளைப்பது மரத்தைத் தின்ன அல்ல. துளைக்குள் தான் கொண்டுவந்த பங்கசை வளர்த்து, புழு அதைத் தின்கிறது. ஆகவே கோர்ஸ் தண்டில் துளை கண்டவுடன் "பூச்சி தின்கிறது" என்று எழுதிவைக்க வேண்டாம். துளையைப் பிளந்து, உள்ளே சுவர் கறுத்திருக்கிறதா, புழு இருக்கிறதா, தண்டு அதற்கு முன்பே செத்திருந்ததா என்று பாருங்கள்.

உயிருள்ள பச்சை முள்ளில் வரும் பங்கசு வேறு சங்கதி. ஹவாயில் விட்ட துரு யூரோமைசஸ் பிசி என்ற இனத்தின் கோர்ஸுக்கே உரிய வடிவம். முள்ளின் மேல் செம்பழுப்புக் கொப்புளங்கள் வெடித்துத் தூள் கொட்டும். வெள்ளைக் கடதாசியில் தேய்த்தால் துரு நிறம் ஒட்டும். இந்த இனத்தின் பெயரிலேயே பட்டாணி இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பட்டாணியைத் தாக்கும் வடிவமும் கோர்ஸைத் தாக்கும் வடிவமும் வேறு வேறு; கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. 1869இல் மடுல்சீமையில் கோப்பியின் இலையடியில் தெரிந்த செம்மஞ்சள் தூளும் ஒரு துருநோய்தான்; அது கோப்பித் தோட்டங்களை அழித்த கதையை இந்த மலையகத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. துருநோய் ஒன்றை நாமாகவே கொண்டுவருவதென்றால், எத்தனை கையெழுத்து இருந்தாலும் போதாது.

நியூசிலாந்தில் இன்னொரு வழியையும் ஆராய்ந்தார்கள்: வெட்டிய கோர்ஸ் முண்டத்தில் கொண்ட்ரோஸ்தீரியம் என்ற பங்கசைப் பூசி, மறுபடி துளிர்க்காமல் உக்கச் செய்வது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது பிளம்ஸ், பீச், பியர்ஸ் மரங்களில் வெள்ளி இலை நோயை உண்டாக்கும் அதே பங்கசு. வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் வீட்டுக்கு இரண்டு மரம் நிற்கிற நாட்டில் இந்த யோசனையை அலுமாரியிலேயே வைத்திருப்பது நல்லது.

இப்படிச் சொல்வதால் நாங்கள் உயிரியல் கட்டுப்பாட்டுக்கு எதிரானவர்கள் என்று எண்ண வேண்டாம். இந்த நாட்டில் அது அழகாகப் பலித்திருக்கிறது. தேயிலைச் சுருட்டுப்புழுவை அடக்க 1935-36இல் ஜாவாவிலிருந்து வந்த மக்ரோசென்த்ரஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவி இன்றும் நம் மலைகளில் சம்பளம் கேட்காமல் வேலை செய்கிறது. பின்னாளில் தண்டு துளைக்கும் வண்டுக்கென்று டீல்ட்ரின் என்ற பூச்சிகொல்லியை அடித்தபோது அந்தக் குளவி செத்து, சுருட்டுப்புழு பெருகிய கதையும் உண்டு. குளங்களை மூடிய சல்வீனியா என்ற நீர்க்களைக்கு 1986இல் விட்ட கூன்வண்டும் பலித்தது. அதற்கு முன் உலகில் பல இடங்களில் செடியின் பெயரைத் தப்பாக அடையாளம் கண்டு, அதன் உறவுக்கார வண்டை விட்டுத் தோற்றிருந்தார்கள். சரியான செடி, சரியான வண்டு, சரியான கூட்டம் என்ற மூன்றும் பொருந்தியபோதுதான் குளம் திறந்தது.

கோர்ஸுக்கு அந்த மூன்றையும் பொருத்த, முதலில் நம் புதரில் இப்போது என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கான வேலை கடினமானதல்ல. தேசிய பூங்காவுக்குள் ஒரு கொப்பையோ பூச்சியையோ எடுக்க வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பல்கலைக்கழக மாணவர் குழு ஒன்று அனுமதியோடு ஒரு வருடத்தில் இதைச் செய்து முடிக்கலாம். 20 புதருக்கு எண் கட்டுங்கள். மாதத்தில் ஒரு நாள், முடிந்தால் ஒவ்வொரு மாதமும் அதே வாரத்தில், ஒவ்வொரு புதரிலும் நான்கு திசையிலும் ஒவ்வொரு கொப்பை எடுத்து மொட்டு, பூ, பச்சைக் காய், கறுத்த நெற்று என்று தனித்தனியே எண்ணுங்கள். பிறகு புதருக்கு ஐந்து காய் வீதம் 100 காயைப் பறித்துக் கடதாசிப் பையில் போடுங்கள். பொலித்தீன் பையில் போட்டால் மறுநாள் பூஞ்சணம் பிடித்து, அது புதரில் இருந்ததா பையில் வந்ததா என்று தெரியாமல் போகும். இதுவே அதிகம் நடக்கும் தவறு.

காயைச் சவர அலகால் நீளவாக்கில் பிளந்து பத்து மடங்கு வில்லையில் பாருங்கள். நல்ல வித்து பளபளப்பாக, உறுதியாக, ஓரத்தில் அந்த வெளிர்மஞ்சள் துணுக்கோடு இருக்கும். தின்னப்பட்ட வித்து வெறும் ஓடு, உள்ளே தூள். சுருங்கிய தட்டை வித்து பூச்சி தின்றதல்ல, மகரந்தம் சரியாகச் சேராததோ குளிரில் வளர்ச்சி நின்றதோ; அதைத் தனிக் கட்டத்தில் எழுதுங்கள், இல்லாவிட்டால் பூச்சிக்கு இல்லாத பெருமை சேரும். புழு இருந்தால் கால் இருக்கிறதா என்று பாருங்கள்: கால் இல்லாதது வண்டுப் புழுவாக இருக்கலாம், காலுள்ளது அந்துப்பூச்சிப் புழு. இரண்டு மூன்றை 70 வீத மதுசாரத்தில் போட்டுவிட்டு, மீதியைக் காயோடு மெல்லிய துணி கட்டிய போத்தலில் வளர்த்து, முழுப் பூச்சி வெளிவரும்வரை வைத்திருங்கள். புழுவை வைத்துப் பெயர் சொல்லும் தைரியசாலிகளை நம்ப வேண்டாம்.

கொப்பில் இருப்பதைப் பிடிக்க, ஒரு மீற்றர் சதுர வெள்ளைத் துணியைப் புதருக்கு அடியில் விரித்துக் கொப்பைத் தடியால் ஐந்து முறை தட்டுங்கள். ஐந்துக்கு மேல் போனால் அடுத்த புதரோடு ஒப்பிட முடியாது. ஈரமான காலையில் துணியில் ஒன்றும் விழாது. பனி காய்ந்த பிறகு செய்யுங்கள். பங்கசுக்கு விரல் நீளக் கொப்பை வெட்டி, பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, மேலே மூன்று விஷயத்தை எழுதுங்கள்: திகதி, இடம், வெட்டும்போது கொப்பு உயிரோடிருந்ததா செத்திருந்ததா. மூன்றாவதை எழுதாத மாதிரியால் ஒரு பயனும் இல்லை. ஜனவரி, பெப்ரவரியில் குருத்து நுனி கருகியிருந்தால் அவசரப்பட்டு நோய் என்று எழுதாதீர்கள். திறந்த வெளியில், தாழ்வான பள்ளத்தில், எல்லாப் புதரிலும் ஒரே நேரத்தில் கருகியிருந்தால் அது உறைபனி.

இந்தக் கணக்கு முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. திணைக்களத்தின் மேற்பார்வையில் நடக்கும் அகற்றும் வேலையில் சில நுணுக்கங்கள் உண்டு. முழங்கால் உயரத்துக்குக் குறைந்த செடியை நல்ல மழைக்கு மறுநாள் வேரோடு பிடுங்கலாம். காய்ந்த மண்ணில் இழுத்தால் தண்டு கையோடு வரும், வேர்த்தலை மண்ணில் தங்கித் துளிர்க்கும். பெரிய புதரை வெட்டினால் மட்டும் போதாது. நிலமட்டத்துக்குச் சற்றுக் கீழே தடித்திருக்கும் வேர்த்தலையை அலவாங்கும் மண்வெட்டியும் கொண்டு கிளப்ப வேண்டும். நெற்று கறுப்பதற்கு முன் வெட்டுவது உத்தமம். கறுத்துவிட்டால் மூடுபனி இறங்கிய காலை வேளையில் வெட்டுங்கள்; ஈர நெற்று வெடிக்காது, சாக்கில் கட்டி இறுக்கலாம். அதே வேலையை மதிய வெயிலில் செய்தால் ஒவ்வொரு வெட்டும் ஒரு விதைப்பு.

தீ மட்டும் வேண்டவே வேண்டாம். இந்தச் செடி எண்ணெய்ப் பசையோடு வெடித்து எரியும், எரிந்து முடிந்ததும் வேர்த்தலை துளிர்க்கும். மண்ணில் கிடந்த வித்தின் கடினத் தோலைச் சூடு உடைத்து, அடுத்த மழைக்கு நாற்றுமேடை போல முளைக்கச் செய்யும். பக்கத்துப் பத்தனைப் புல்லும் மரைகளும் சும்மா பலியாகும். கிளப்பிய இடத்தில் மண் வெறுமையாகக் கிடந்தாலும் வித்து முளைக்கும். அதைக் குழப்பமாக நினைக்க வேண்டாம்: முளைத்ததைப் பிடுங்கினால் மண்ணிலுள்ள சேமிப்பு ஒன்று குறைகிறது. முளைத்த செடி பூக்கக் குறைந்தது ஒன்றரை வருடமாவது ஆகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பிப் போனால் ஒரு செடியும் காய்க்காது. ஒருமுறை வெட்டிப் படமெடுத்துவிட்டு வராமல் இருந்தால், இரண்டு வருடத்தில் முன்னையதைவிட அடர்ந்த புதர் நிற்கும். அப்படியான இடத்துக்கு வேலையே தொடங்காமல் இருந்திருக்கலாம்.

பூச்சி, பங்கசு எதையும் அனுமதியின்றி வெளிநாட்டிலிருந்து தபாலிலோ பயணப் பையிலோ கொண்டுவர 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இடம்கொடாது. கட்டுநாயக்கவில் தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையம் இருப்பதே அதற்குத்தான். உள்ளூரிலும் அதே கவனம் வேண்டும். வலை கட்டிய கொப்பு அழகாக இருக்கிறது, காளான் பிடித்த கட்டை வித்தியாசமாக இருக்கிறது என்று சமவெளியிலிருந்து வீட்டுக்கு எடுத்துவராதீர்கள். பட்டிப்பொல பக்கமோ ஒஹிய பக்கமோ இறங்குமுன் சப்பாத்தின் அடிச்சேற்றைக் குச்சியால் சுரண்டி அங்கேயே விட்டுவிடுங்கள். காற்சட்டை மடிப்பையும் ஒருமுறை உதறுங்கள். கோர்ஸ் வித்து மூன்று மில்லிமீற்றர்கூட இல்லை. சப்பாத்துப் பள்ளத்தில் ஐந்தாறு வசதியாக உட்கார்ந்து வரும்.

இப்படிக்கு,
செடிநோயும் பூச்சியும் பார்ப்போர் சிலர்,
நுவரெலியா.